ஊமத்தை தின்ற ஞாயிற்றுக்கிழமை

என் அப்பாவுக்கு இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை இருந்தது. கடையின் பின்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கீழ்வரிசையை மட்டும் பூட்டியே வைத்திருப்பார். எட்டிக்கொட்டை, சேங்கொட்டை, வச்சநாபி, நேர்வாளம், ஊமத்தை விதை எல்லாம் அந்த வரிசையில்தான். வீட்டில் மற்றப் பிள்ளைகள் கல்கண்டுக்காகக் கடைக்குப் போவார்கள். நான் அந்தக் கீழ்வரிசைக்காகவே போவேன். யாராவது எட்டிக்கொட்டை கேட்டு வந்தால் அப்பா எழுந்து போய் அவர் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். "யாருக்கு? எதுக்கு?" என்று கேட்பார். பதில் பட்டென்று வந்தால் பூட்டைத் திறப்பார். வந்தவர் கொஞ்சம் தடுமாறினாலும், "சரக்கு தீந்து போச்சுங்க, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியை நீட்டிவிடுவார்.

பதினெட்டு வயதில் பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகச் சேர்ந்தேன். அங்கேயும் ஒரு பூட்டிய அலமாரி. சிவப்புச் சீட்டு ஒட்டிய புட்டிகள். ஆங்கிலப் பேர்களைத் தட்டுத் தடுமாறிப் படித்துப் பழகியபோது ஒரு உண்மை தெரிந்தது: அப்பாவின் கீழ்வரிசைதான் இங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குள் நிற்கிறது. அதே எட்டிக்கொட்டை, அதே வச்சநாபி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அவங்க நம்மகிட்டயே வாங்கிக்கலாமே" என்றார் அவர்.

எங்கள் பெரிய டாக்டர் பேச்சுப் பிரியர். நோயாளி குறைந்த நாளில் அந்த அலமாரிப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கிரேக்க தேசத்தில் ஒரு ஞானிக்கு மரண தண்டனை கொடுத்தபோது கத்தியும் இல்லை, கயிறும் இல்லை, ஒரு செடியின் சாற்றைத்தான் கிண்ணத்தில் கொடுத்தார்களாம். இத்தாலி தேசத்துச் சீமாட்டிகள் கண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஒரு விஷச்செடியின் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டு, எதிரே நிற்கும் மாப்பிள்ளையின் முகம் மங்கலாகத் தெரிய, அப்படியே சிரித்துக்கொண்டு நிற்பார்களாம். "அந்தச் செடிக்கு நம்ம ஊமத்தை ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்பார். இந்தியாவில் பெருவழிகளில் கொள்ளைக்காரர்கள் யாத்திரீகர்களின் சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்துவிடுவார்கள் என்றும், அப்படிப்பட்ட வழக்குகளில் டாக்டர்மார் நோயாளியின் சிறுநீரை ஒரு சொட்டு பூனையின் கண்ணில் விட்டுப் பார்ப்பார்கள் என்றும் ஒருநாள் சொன்னார். ஊமத்தையாக இருந்தால் பூனையின் கண்மணி விரிந்து நிற்குமாம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சட்டத்துக்கு முன்னால் பூனை சாட்சி சொல்கிறது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

இருபத்துநாலாவது வயதில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மருந்துக்கார வேலை கிடைத்தது. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுகிற காலம் அது. பதுளையிலிருந்து பசறை வரைக்கும் மாட்டு வண்டி, அதற்குமேல் பெரும்பாலும் கால்தான். போய்ச் சேர்ந்தபோது மூடுபனியில் தோட்டமே தெரியவில்லை. "இதுதாங்க தோட்டம்" என்று பெட்டி தூக்கி வந்தவன் ஒரு வெள்ளைச் சுவரைப் போல நின்ற பனியைக் காட்டினான். மறுநாள் காலையில்தான் மலையும், மலையெல்லாம் தேயிலையும், தகரக் கூரை போட்ட என் மருந்து அறையும் கண்ணுக்குத் தெரிந்தன. மீசை சரியாக முளைக்காத எனக்கு எல்லோரும் 'மருந்தய்யா' என்று பேர் வைத்தார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

துரைக்கு இழுப்பு இருந்தது. தோட்டத்தை நடத்தும் அந்த வெள்ளைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பனிக்காலத்தில் மூச்சு விசில் அடிக்கும். ஒருநாள் என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, தோட்டத் தமிழில் சொன்னார்: "என் நெஞ்சு சரியில்லை. கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னை ஊருக்கு அனுப்பிடும். நீ மருந்து குடு. வாயைத் தொறக்காதே."

எனக்கு அப்பாவின் கீழ்வரிசைதான் ஞாபகம் வந்தது. ஊமத்தை இலையை உலர்த்திச் சுருட்டாகச் சுற்றிப் புகைத்தால் இழுப்புத் தணியும். அப்பாவிடம் விதை வாங்கிவரச் செய்து, மருந்து அறைக்குப் பின்னால் ஒரு பாத்தி போட்டேன். பக்கத்திலேயே என் சமையலுக்குத் தண்டுக்கீரைப் பாத்தி. விதையைத் தூவும்போது கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது; காற்றும் சேர்ந்துகொண்டது. கீரைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊமத்தைக் கன்றுகள் எழும்பின. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எது கீரை, எது ஊமத்தை என்று எனக்குத்தான் தெரியுமே! மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் என்ன? இப்படி நினைக்கிற வயது அது.

சுருட்டு வேலை செய்தது. துரை ஒரு வாரத்தில் மறுபடி மலையேறி வேலை பார்க்கத் தொடங்கினார். எனக்கு ஒரு நல்ல நாற்காலி அனுப்பிவைத்தார். நான் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நாடி பார்த்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின நாள் பீலியடியில் ஒரு சண்டை. மலையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விழுகிற இடத்தைப் பீலி என்பார்கள்; லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் அந்த ஒரு பீலிதான். வரிசையில் நின்ற ஒருத்தியைத் தள்ளிவிட்டுப் ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியின் மனைவி குடத்தை நீட்டினாள். தள்ளப்பட்டவள் கொழுந்து எடுக்கிறவள், நாற்பது வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு சாம்பல் பூனையும் நல்ல கூர்மையான நாக்கும்தான் அவள் சொத்து. நாக்கை அன்று முழுக்கப் பயன்படுத்தினாள். கடைசியில் குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி, "உன் வீட்டுல சிரிப்பாச் சிரிக்கட்டும்!" என்று கங்காணி வீட்டுப் பக்கம் தூற்றிவிட்டுப் போனாள். இருபது பேர் அதைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு என் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்தான்.

"மருந்தய்யா! ஓடியாங்க! பெரிய கங்காணி வீட்டுல எல்லாருக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சு!"

போய்ப் பார்த்தேன். பெரிய கங்காணி தோட்டத்தில் துரைக்கு அடுத்த ஆள். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. முந்நூறு பேர் அவர் குரலுக்கு நடுங்குவார்கள். அவர் இப்போது வாசல் தூணுக்கு முன்னால் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"சலாங்க தொரை. புதுமலையில நாப்பது ஆளு, செடி வெட்டுற கவ்வாத்துல முப்பது ஆளு" என்று தூணிடம் கணக்கு ஒப்பித்தார். தூண் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க தொரை, அப்பிடியே செஞ்சிர்றேன்" என்று சிரித்தார்.

உள்ளே அவர் மனைவி சுண்ணாம்புச் சுவரில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மின்னல் மாதிரி ஓடின. எடுத்ததை எல்லாம் தோளுக்குப் பின்னால் இல்லாத கூடைக்குள் வீசினாள். "இந்த மலையை யாரு இத்தனை நாளா எடுக்காம விட்டது? எல்லாம் முத்திக் கெடக்கு!" என்று திட்டினாள். அவளுடைய தம்பி கணக்கப்பிள்ளை. வயலட் மைப் பேனாவும் கையுமாகத் திரிகிற ஒழுங்கான ஆள். அவன் தரையில் தவழ்ந்து யார் கண்ணுக்கும் தெரியாத கோழிகளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் முகங்களைப் பார்த்தேன். நெருப்பு மாதிரிச் சிவந்திருந்தன. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கங்காணியின் கண்ணிமையை உயர்த்தினேன். மணி விரிந்து கண் முழுக்க ஒரே கறுப்பு. சிரிப்பு போய்விட்டது. அந்தக் கண் எதைச் சொல்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

வீட்டில் ஒரே ஒருத்தி நன்றாக இருந்தாள். அவள் கங்காணியின் அக்கா. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தம்பியைப் பார்க்க வந்து நாலு நாளாகிறது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சாப்பிட்டாங்க?"

"சோறு, பருப்பு, கருவாடு, கீரை. எல்லாரும் தின்கிறதுதான். நான் மட்டும் கிருத்திகை விரதம், பச்சத்தண்ணி பல்லுல படலை. அதான் முருகன் என்னையக் காப்பாத்திட்டான். இது அந்தப் பீலியடி முண்டையோட வேலை. மண்ணை வாரித் தூத்துனாளே!"

"கீரை ஏதும்மா?"

"கீரைன்னா கீரைதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேற்கொண்டு கேட்க நேரம் இல்லை. கடுகுத் தண்ணீர் கொடுத்து மூன்று பேரையும் வாந்தி எடுக்கவைத்தேன். பிறகு கடுஞ்சாயம், பாலில்லாத கடுந்தேநீர். விஷத்தைக் கொஞ்சம் கட்டிப்போடும் என்று ஆஸ்பத்திரியில் படித்திருந்தேன். அதற்குத் தேயிலைத் தோட்டத்தில் பஞ்சமா? ஒரு வாளி நிறையக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தோம். தலைக்கு ஈரத்துணி. ஓடாமல் இருக்கப் பழஞ்சேலையால் கட்டிலோடு மெதுவாகக் கட்டினோம். நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சீராக. பிழைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்ததும் நாலுபேரைக் காவல் வைத்துவிட்டு மருந்து அறைக்குப் பின்னால் ஓடினேன்.

கீரைப் பாத்தியில் ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது. தண்டுக்கீரையும் கிள்ளப்பட்டிருந்தது, நடுவே நின்ற ஊமத்தைக் கன்றுகளும் கிள்ளப்பட்டிருந்தன. பூ இல்லாத, காய் இல்லாத இளங்கன்றுகள். நகத்தால் கிள்ளிய இடத்தில் ஈரம்கூட இன்னும் முழுக்கக் காயவில்லை.

அப்போது நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். குனிந்து கன்றுகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். யாரும் பார்ப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் பிடுங்கி ஓடையில் போட்டுவிட்டால் என் பாத்தி வெறும் கீரைப் பாத்தி. வேலை நிற்கும். நாற்காலி நிற்கும். துரைக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். அப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஆறேழு கன்றுகளைப் பிடுங்கிவிட்டேன். அப்போது மேலே பெரட்டுக் களத்திலிருந்து உடுக்குச் சத்தம் கேட்டது.

காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கிற வெட்டவெளி அது. போய்ப் பார்த்தால் தோட்டமே கூடியிருந்தது. நடுவில் அந்தப் பீலியடிக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. லயத்தில் அவள் குடியிருந்த காம்பிராவிலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். மடியில் அந்தப் பூனை. எதிரே பக்கத்துத் தோட்டத்துக் கோடாங்கி உடுக்கை அடித்து ஆடிக்கொண்டிருந்தான். கங்காணியின் அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டிருந்தாள்.

"கேளுங்க அவளை! என்னா வச்சா, எங்க வச்சான்னு கேளுங்க! தலையை மொட்டை அடிச்சாத்தான் சொல்லுவா!"

"சூனியம் வைக்கத் தெரிஞ்சா நான் ஏன் கூடை சொமக்கிறேன்?" என்றாள் உட்கார்ந்திருந்தவள். "உக்காந்த எடத்துல கங்காணியம்மாவா ஆயிருக்க மாட்டேனா?"

யாரோ ஒருவன் அவள் முதுகில் ஒரு அறை விட்டான். பூனை சீறியது. அவள் அழவில்லை, பூனையின் தலையைத் தடவினாள். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அதைச் சொல்லாமல் கையில் ஒட்டியிருந்த பாத்தி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒருவன் சவரக்கத்தியோடு வந்தான். அதைப் பார்த்ததும்தான் என் கால் நகர்ந்தது.

"நிறுத்துங்க! இது சூனியம் இல்லை. ஊமத்தை!"

கோடாங்கி ஆட்டத்தை நிறுத்தாமலே பதில் சொன்னான். "ஊமத்தை எங்களுக்குத் தெரியாதா மருந்தய்யா? இது காத்துக் கறுப்பு."

"ஊமத்தைன்னாலும் இவதான் சோத்துல போட்டிருப்பா!" என்றாள் கங்காணியின் அக்கா.

கூட்டம் அதையும் ஒப்புக்கொண்டது. என் உதவியால் அந்தப் பெண்ணுக்குச் சூனியக்காரி என்ற பழியோடு விஷம் வைத்தவள் என்ற பழியும் சேர்ந்தது. நல்லவேளையாக அப்போது குதிரைச் சத்தம் கேட்டது. துரை.

"என்னா இது கூச்சல்? ஞாயித்துக்கெழமை மனுசன் தூங்க வேணாமா?" என்று இறங்கினார். ஆளுக்கு ஆள் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

"ஊமத்தைங்க தொரை."

"சாட்சி இருக்கா?"

எனக்குப் பதுளை டாக்டரின் நாற்காலிப் பேச்சு ஞாபகம் வந்தது. "இருக்குங்க. ஒரு பூனை வேணும்."

மருந்தய்யாவும் ஊமத்தை தின்றிருப்பாரோ என்று பலர் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. விஷயத்தை விளக்கினேன். துரை தாடையைத் தடவினார். "எனக்கும் எங்கேயோ கேட்ட ஞாபகம். செய்" என்றார்.

பூனைக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கண்ணு போயிராதுங்களே?"

"போகாது. ரெண்டு மூணு நாளைக்கு வெயில் கூசும். அவ்வளவுதான்."

"எனக்காக அது ரெண்டு நாளு கண்ணை மூடிக்கிட்டு இருக்கட்டும். போடுங்க."

அடுத்த தேவை சிறுநீர். ஊமத்தை தின்றவர்களுக்கு நீர் லேசில் பிரியாது. பெரிய கங்காணியிடம் புட்டியை நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தொரை குடுத்த பரிசு" என்று இடுப்பில் செருகிக்கொண்டார். கடைசியில் கைகொடுத்தவன் கணக்கப்பிள்ளைதான். "நாத்துமேடை காஞ்சு போச்சு, தண்ணி ஊத்தணும்" என்று காதில் சொன்னேன். கடமை என்றால் அவன் பின்வாங்குகிற ஆள் இல்லை. ரொம்ப நேரம் சிரமப்பட்டு ஒரு கரண்டி அளவு கொடுத்தான்.

களத்துக்குத் திரும்பினேன். அவள் பூனையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வலது கண்ணில் இரண்டு சொட்டு விட்டேன். பூனை என் மணிக்கட்டில் நாலு கோடு போட்டது. பிறகு எல்லோரும் காத்திருந்தோம். நல்ல வெயில். பனி விலகி மலை முழுக்கத் தெரிந்தது. முந்நூறு பேரும் ஒரு துரையும் ஒரு குதிரையும் ஒரு கோடாங்கியும் ஒரு பூனையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பூனை கொட்டாவி விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணும் ஆகலையே" என்று ஒருவன் முணுமுணுத்தான். எனக்கு வியர்த்தது. டாக்டர் தமாஷுக்குச் சொல்லியிருந்தால்?

அரைமணிக்கு மேலேயே இருக்கும். அவள்தான் முதலில் பார்த்தாள். "ஐயா, இங்க பாருங்க."

வெயிலைப் பார்த்துப் பூனையின் முகத்தைத் திருப்பினாள். இடது கண்ணில் மணி நெல்மணி மாதிரி ஒடுங்கி ஒரு கோடாக நின்றது. வலது கண் முழுக்க, நாவற்பழம் மாதிரி, உருண்டைக் கறுப்பு. "ஐயோ சாமி" என்று பெண்கள் பக்கம் ஒரு குரல் எழும்பியது. எல்லோரும் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். கோடாங்கியும் வந்தான். இந்தக் கண்ணைப் பார்த்தான், அந்தக் கண்ணைப் பார்த்தான், உடுக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எனக்கு இன்னொரு எடத்துல சோலி இருக்கு" என்று நடையைக் கட்டினான்.

துரை கேட்டார்: "சரி. ஊமத்தை எங்கேயிருந்து வந்தது?"

பதில் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆனால் இந்தமுறை நான் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"என் பாத்தியிலிருந்துங்க. மருந்து அறைக்குப் பின்னால நான்தான் வளர்த்தேன். கீரையோட கலந்து முளைச்சிருந்தது. யாரோ தெரியாம கிள்ளியிருக்காங்க. தப்பு என்னுது. இந்த அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"விஷத்தை நீங்க எதுக்கு வளக்குறீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் சூடாகக் கேட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாக்குக் கொடுத்தவன். துரை தொண்டையைச் செருமினார்.

"செடி என்னுது. நான்தான் போடச் சொன்னேன். எனக்கு... இழுப்பு வியாதி. அதுக்கு மருந்து." முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது. "இது வெளியே போகக் கூடாது."

"இதை யாருங்க தொரை வெளியே சொல்லணும்?" என்றாள் பூனைக்காரி, இருந்த இடத்திலிருந்தே. "நீங்க மலையேறுனா அந்த விசிலு ஏழாம் நம்பர் லயம் வரைக்கும் கேக்கும். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் நாங்க எல்லாம் குனிஞ்சு வேலை செய்யவே ஆரம்பிப்போம்."

துரைதான் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி, குதிரைக்காரன் ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

அந்தச் சிரிப்புக்கு நடுவே கங்காணியின் அக்கா திடீரென்று தரையில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான் கிள்ளுனேன். காலையில ஒரே பனி. எனக்குக் கண்ணு வேற மங்கல். கொழுகொழுன்னு இருந்திச்சு, கேக்காம கிள்ளிட்டு வந்துட்டேன். திருட்டுக் கீரைன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. எந் தம்பிக்கு ஆசையா ஆக்கிப் போட்டேனே, முருகா!" கொஞ்சம் முன்னால் மொட்டை அடிக்கச் சொன்ன அதே வாய்தான். அவளை வைதுகொண்டே இரண்டு பெண்கள் தூக்கிவிட்டார்கள். தன் முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்த பூனைக்காரி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று நோயாளிகளும் செவ்வாய்க்கிழமைக்குள் தெளிந்துவிட்டார்கள். நடந்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. கங்காணிக்கு ஒரு வாரம் கிட்டத்து எழுத்துத் தெரியாததால் பெரட்டுக் களத்தில் பேர் வாசிக்கும்போது புத்தகத்தை முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். தூணுக்குச் சலாம் போட்ட கதையை அவரிடம் சொல்லத் துணிந்தவர் யாருமில்லை. ஆனால் லயத்துப் பிள்ளைகள் அந்தத் தூணைக் கடந்து போகும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் அவருக்கு விளங்கவே இல்லை.

துரை கேட்டுக்கொண்டதால் கங்காணியின் மனைவி மன்னிப்புக் கேட்கப் போனாள். பூனைக்காரி அதைக் காதில் வாங்காமல், "மன்னிப்பை வச்சு நான் என்னா செய்யிறது? ஒரு மாசம் பீலியில மொதக்கொடம் எனக்கு" என்றாளாம். அப்படியே நடந்தது. முப்பது நாளும் கங்காணி வீட்டுக் குடம் அவள் குடத்துக்குப் பின்னால் நின்றது.

நானும் போனேன். காம்பிரா வாசலில் நின்று, முன்னாலேயே வாயைத் திறக்காததற்காக வருந்துகிறேன் என்று சொன்னேன். நிறைய யோசித்துக் கொண்டுபோன வார்த்தைகள். சொல்லும்போது பாதி மறந்துவிட்டது.

அவள் பூனைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். "நீங்க ஓரத்துல நின்னதை நான் பாத்தேங்க" என்றாள். "மொகம் வெளுத்துப் போயி நின்னீங்க. இந்த மனுசனுக்கு என்னமோ தெரியுதுன்னு அப்பவே நெனைச்சேன். எப்பச் சொல்லுவாருன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. பூனையின் கண்ணுக்கு இருட்டான இடம் நல்லது என்று வைத்தியம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வேலை போகவில்லை. ஊமத்தை பங்களாவின் பின்பக்கம் வேலி போட்ட இடத்துக்குக் குடிபோயிற்று. ஆனால் என் மருந்தைக் குடிக்க ஆள் இல்லாமல் போனது. அது காய்ச்சல் காலம். காலையில் மருந்து அறை வாசலில் நாற்பது ஐம்பது பேர் நிற்பார்கள். காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணீரை நீட்டினால், "நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்கய்யா" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். நான் குடித்துக் காட்டினால்தான் அடுத்தவர் கை நீளும். அடுத்த ஆளுக்கு வேறு புட்டி திறந்தால் மறுபடியும் ஒரு வாய். அந்த மாதம் முழுக்கக் கொயினாவால் எனக்குக் காது இரைந்தது. சோறு கசந்தது, தண்ணீர் கசந்தது, அப்பா அனுப்பிய கல்கண்டு கசந்தது.

நாலாவது வாரம் பூனைக்காரிக்குக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. நான் பழக்கத்தில் கோப்பையை என் வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, கோப்பையை மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

"கர்மம்! இதையா தெனம் குடிக்கிறீங்க?" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்து நின்ற ஆள் நான் குடிப்பதற்காகக் காத்திருக்காமல் கையை நீட்டினான்.